முப்பத்திரெண்டாவது படி

அந்தச் சார்ட்டுச் சுருள மடியில வெச்சுக்குங்க தம்பி. மேல வெச்சா எவனாவது மூட்டையத் தூக்கி அது மேல போட்டுருவான், கசங்கிப் போயிரும். பாப்பாவுக்குங்களா? எத்தனாவது? ஆறாவதா. சூரியக் குடும்பமா, சரி. வரையறதோட முடிஞ்சுதுன்னா நல்லதுதானுங்க.

எனக்கும் ஒரே புள்ள. இளவேனில்னு பேரு. எட்டாவது படிக்கறா. இப்ப ஒட்டன்சத்திரத்துல என்ர மச்சான் வீட்டுல இருக்கறா, அவங்கம்மாவும் அங்கதான். அங்கதான் போயிட்டிருக்கறேன். நானு பல்லடத்துப் பக்கம் ஒரு நூல் மில்லுல ஃபிட்டருங்க. பத்தொம்பது வருசம். மெசின் நின்னு போனா என்னையத்தான் கூப்பிடுவாங்க. சென்னியப்பன் கை வெச்சா ஓடும்னு மேனேஜரே சொல்லுவாரு.

நீங்க எங்க இறங்கறீங்க? திண்டுக்கல்லா. அப்ப நேரமிருக்குது. ஒண்ணு சொல்றேன், கேட்டுட்டு உங்களுக்கு என்ன தோணுதோ அதச் சொல்லுங்க. என் மேல தப்பிருந்தா தப்புன்னே சொல்லுங்க. யாருமே எங்கிட்ட நேராச் சொல்ல மாட்டேங்கறாங்க. மச்சான் கத்தறான். சம்சாரம் பேசறதே இல்ல. கத்தறதும் பேசாம இருக்கறதும் பதிலாகுமா, நீங்களே சொல்லுங்க.

நான் அந்தப் புள்ளைய ஒரு நாள் அடிச்சதில்ல. அத மொதல்லயே சொல்லிப்போடறேன். ஒரு நாள் கூட.

ஆடி மாசம் இருக்கும். பள்ளிக்கூடத்துல அறிவியல் போட்டின்னு சொல்லியிருக்காங்க. தொடர் இயக்க எந்திரம். தெரியுங்களா? ஒரு குண்டு உருண்டு போயி ஒண்ணத் தட்டும், அது விழுந்து இன்னொண்ணத் தள்ளும், அது ஒரு கயித்த இழுக்கும், இப்படியே போயிக் கடைசில ஒரு வேல நடக்கும். சின்ன வேலதான். மணி அடிக்கறது, வெளக்கு எரியறது, இப்படி. பத்துப் படியாவது இருக்கோணும், ரெண்டு பேரு சேர்ந்து செய்யலாம், மனுசக் கை நடுவுல படக் கூடாது. அவ்வளவுதான் ரூல்சு.

இவளும் சமீமான்னு ஒரு புள்ளையும் சேர்ந்து ஆரம்பிச்சாங்க. சமீமா நாலு வீடு தள்ளி. ரெண்டும் ஒண்ணாங்கிளாசுல இருந்து ஒண்ணா இருக்கறதுக. ஹால்ல தரையில உக்காந்துக்கிட்டு அட்டப் பெட்டி, ஐஸ் குச்சி, பழைய பொம்மக் காரு, கரண்டி, எல்லாத்தையும் பரப்பி வெச்சுக்கிட்டு ஒரே சிரிப்பு. கோலிக்குண்டு உருண்டு ரப்பர் வரிசையத் தட்டோணும், ரப்பரு கரண்டிய, கரண்டி கார, காரு கயித்த. கடைசில ஒரு மூடி சாஞ்சு டீ கப்புல இருக்கற தக்காளி நாத்துக்குத் தண்ணி ஊத்தோணும். பதினோரு படி வெச்சிருந்தாங்க.

பத்துத் தடவ விட்டா மூணு தடவதான் ஓடும். காரு பாதில நின்னு போயிரும். இல்ல, குண்டு ரப்பரத் தாண்டிக் கட்டிலுக்கடியில ஓடிரும். ஒவ்வொரு தடவையும் ரெண்டும் உருண்டு உருண்டு சிரிக்கும். எனக்கு அதுதான் புரியல தம்பி. மெசின் நின்னு போச்சு. அதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்குது? எங்க மில்லுல ஒரு மெசின் நின்னா யாராச்சும் சிரிப்பாங்களா?

ஒரு வாரம் பாத்தேன். எட்டாம் நாளு நானும் கூட உக்காந்துட்டேன்.

மொதல்ல சின்னதாத்தான். அட்ட வளையுதுன்னு அதுக்குப் பதிலா ஒரு அலுமினியப் பட்ட கொண்டாந்தேன். கோலி ஒரே சீரா உருளாது, அதுக்குப் பதிலா பேரிங் குண்டு. கழிச்சுப் போட்டதுதானுங்க, மில்லுப் பொருளத் திருடல. ரப்பருக்குப் பதிலா மரக்கட்ட, ஒரே அளவுல நானே அறுத்து உப்புத்தாள் போட்டுத் தேச்சது. இளவேனிலு பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருந்தா. "சூப்பரா இருக்குதுப்பா"ன்னு சொன்னா. அவளே சொன்னது. யாரும் சொல்லச் சொல்லல.

பதினோரு படி இருபதாச்சு. இருபது முப்பதாச்சு. அதுக்கு மேல ரெண்டு. மொத்தம் முப்பத்திரெண்டு. இந்த ஜில்லாவுலயே எவனும் செஞ்சிருக்க மாட்டான்.

அந்தச் சமீமாவா? அது ஒரு நிதானமான புள்ள இல்லைங்க. துப்பட்டாவ வீசிக்கிட்டு நடக்கும், பட்டுன்னு அம்பது கட்ட விழுந்துரும். ஒரு மணி நேரம் அடுக்கினது. விழுந்ததும் சிரிக்கும். இவளும் கூடச் சேந்து சிரிப்பா. ஒரு நாள் நான் சொன்னேன், "சமீமா, நீ வீட்டுக்குப் போ கண்ணு, வேல முடிஞ்சதும் கூப்பிடறேன்." அதட்டல. சிரிச்ச மொகமாத்தான் சொன்னேன். அந்தப் புள்ள செருப்பக் கையில எடுத்துக்கிட்டே போச்சு, சத்தம் வந்துரும்னு. அதுக்கே தெரிஞ்சிருக்குது பாருங்க.

அப்புறம் நாங்க ரெண்டு பேருந்தான். நானும் புள்ளையும். சாயந்தரம் அஞ்சரைக்கு உக்காந்தா எட்டு மணி வரைக்கும். எத்தன அப்பன் இப்படிப் புள்ளையோட உக்காருவான் சொல்லுங்க. என் கூட வேல பாக்கறவனெல்லாம் ஷிப்டு முடிஞ்சா நேரா வேற எடத்துக்குப் போயிருவான். நான் வீட்டுக்குத்தான் போவேன்.

மெசின் ஹால் பூராவும் ஆயிருச்சு. போட்டியன்னைக்குக் கழட்டிக் கொண்டு போயிப் பள்ளிக்கூடத்துல மறுபடி பூட்டிக்கலாம்னு கணக்கு. வாசக்கதவுல ஆரம்பிச்சு டிவி ஸ்டாண்டு மேல ஏறி, சோபாவச் சுத்தி, சமையக்கட்டு வாசப்படிகிட்ட வந்து, திரும்ப ஜன்னலோரம். சுவத்தோரமா ஒரு ஆளு பக்கவாட்டுல நடக்கற அளவுக்குத்தான் வழி. ஃபேன் போட முடியாது, காத்துல கட்ட சாஞ்சிரும். அதனால நிறுத்திட்டோம். சித்த புழுக்கமாத்தான் இருந்துச்சு. குக்கரு விசில் வந்தா டிவி ஸ்டாண்டு அதிருதுன்னு கண்டுபிடிச்சேன், அதனால குக்கர் வெக்க வேண்டாம்னு பூங்கொடிகிட்டச் சொன்னேன். பூங்கொடி என் சம்சாரம். வடிச்ச சோறுதான். செல்லுப் போன சைலண்டுல. பால்காரர்கிட்டச் சொல்லிக் கதவத் தட்ட வேண்டாம், கேட்டுல தொங்க விட்டுட்டுப் போங்கன்னாச்சு. வீட்டுக்குள்ள மூணு பேரு இருக்கறோம்னு வெளிய இருந்து பாக்கறவனுக்குத் தெரியாது. அவ்வளவு அமைதி.

ஒரு நாள் பூங்கொடிக்குத் தும்மல் வந்துச்சு. அவ முந்தானைய வாயில அமுக்கிக்கிட்டு ஓடிப் பாத்ரூம்ல போயித் தும்மினா. கதவச் சாத்திக்கிட்டு. நான் சொல்லல தம்பி. அவளாப் போனா. ஒரு குடும்பம் ஒரு வேலையில எறங்கிட்டா அப்படித்தான் இருக்கோணும்னு எனக்குப் பெருமையா இருந்துச்சு.

புள்ளைக்கு ஒரே ஒரு விசயம் சொல்லிக் குடுத்தேன். மெசின் ஓடறப்ப அசையக் கூடாது. எந்த எடத்துல நிக்கறியோ அப்படியே நில்லு. மூச்ச மெதுவா விடு. நடுவுல எது போனாலும் கை நீட்டாத. ரூல்சே அதுதானுங்களே, மனுசக் கை படக் கூடாது. மொதல்ல ரெண்டு மூணு தடவ கட்ட தப்பாச் சாயறப்ப அவ கை தானாப் போச்சு. நான் ஒண்ணும் சொல்லல. எந்திரிச்சு, மொத்தத்தையும் கலச்சுட்டு, மறுபடி மொதல்ல இருந்து அடுக்கச் சொன்னேன். ஒரு மணி நேரம். மூணாவது தடவைக்கப்புறம் அவ கை நீட்டறத விட்டுட்டா. அடிச்சுச் சொல்லிக் குடுத்தா வருமா அது? பொறுமையாச் சொல்லிக் குடுத்தா வரும்.

அப்படியே செல மாதிரி நிப்பா. கண்ணு மட்டும் போகும். மேனேஜர் ஒரு நாள் வீட்டுக்கு வந்து பாத்துட்டு, "உங்க பொண்ணு ரொம்ப டிசிப்ளின், சென்னியப்பன்"னு சொன்னாரு.

ஆனா மெசின் ஓடல.

முப்பத்திரெண்டு படியும் ஒரே மூச்சுல ஓடவே இல்லைங்க. ஒரு தடவ கூட. ரெண்டு மாசம். எப்பவும் பதினேழாவது படில நிக்கும். அது ஒரு தூக்குக் கோலு. குண்டு ஒரு முனையில விழுந்தா அடுத்த முனை தூக்கி ஒரு வாளியக் கவுக்கோணும். ஒரு நாள் தூக்காது. ஒரு நாள் பாதி தூக்கும். எனக்குத் தூக்கம் போச்சு, சோறு எறங்கல. மில்லுல முப்பது ரிங் ஃப்ரேம் மெசின் ஓட்டறவன், ஒரு தூக்குக் கோலு ஓட மாட்டேங்குது. புள்ள ஒரு நாள் கேட்டா, "அப்பா, பழைய பதினோரு படியே வெச்சுக்கலாமாப்பா?" நான் அவளையே பாத்தேன். அவ, "இல்லப்பா, சும்மா கேட்டேன்"னுட்டு மறுபடி கட்ட அடுக்க உக்காந்துட்டா.

அட, தாராபுரம் வந்துருச்சு. இங்க பத்து நிமிசம் நிக்கும். டீ குடிக்கறீங்களா? வேண்டாமா. நானும் குடிக்கல. எறங்கினா எடம் போயிரும்.

கடைசிப் படி. அதச் சொல்லோணும். அதுகளோட தக்காளி நாத்து எனக்குப் பிடிக்கல தம்பி. முப்பத்திரெண்டு படி ஓடி வந்து ஒரு கப்புல ரெண்டு சொட்டுத் தண்ணி. ஜட்ஜு எழுதி வெச்சுட்டு அடுத்த டேபிளுக்குப் போயிருவாரு. கண்ணுல நிக்கோணும்ல. அதனால கொடிய வெச்சேன். தேசியக் கொடி. ஆறடிக் கம்பம். கடைசில ஒரு எடக்கட்டி விழும், அது விழற வேகத்துல கயிறு இழுத்து கொடி சர்ருன்னு மேல ஏறும். அது ஏறறப்ப இளவேனிலு பக்கத்துல நின்னு சல்யூட் அடிக்கோணும். எப்படி இருக்கும் நெனச்சுப் பாருங்க.

எடக்கட்டி இரும்பு. நாலரைக் கிலோ. ரெண்டு இரும்புப் பட்டைக்கு நடுவுல மேலிருந்து கீழ விழும். கொடிக்கு எதுக்குடா நாலரைக் கிலோன்னு கேப்பீங்க. கப்பியில எண்ண காஞ்சிருந்தா லேசான எட பாதில நின்னுரும். பாதிக் கம்பத்துல கொடி நின்னா என்ன அர்த்தம்? அதனால எட அதிகமாகவே வெச்சேன். ஒரு வேலையச் செஞ்சா நிச்சயமாச் செய்யோணும்.

பூங்கொடி மட்டும் சொன்னா. "அது வேண்டாங்க. பாத்தாலே பயமா இருக்குது." நான் அவளைக் கூட்டிக் கொண்டு போயிக் காட்டினேன். இங்க பாரு, பின் இருக்குது. இந்தக் கம்பிய ஓட்டையில சொருகிட்டா யானை ஏறி நின்னாலும் எடக்கட்டி எறங்காது. பழகறப்ப மட்டும் பின்ன எடுப்போம், முடிஞ்சதும் சொருகிருவோம். அவ பாத்தா. பாத்துட்டுச் சமையக்கட்டுக்குப் போயிட்டா. சுவத்தோரமாத்தான் போனா.

ஒரு நாள் என்னாச்சுன்னா, அந்தப் பதினேழாவது படி ஓடிருச்சு. மொதத் தடவையா. பதினெட்டு, பத்தொம்பது, இருபத்தஞ்சு. முப்பது. முப்பத்தொண்ணு. எடக்கட்டிகிட்ட வந்து நின்னு போச்சு. பாத்தா பின்னு. பின்ன எடுக்க மறந்துட்டோம். மறந்துட்டான்னு சொல்லல, மறந்துட்டோம்னுதான் சொல்றேன். ரெண்டு பேருந்தான். ஆனா பின் எடுக்கறது அவ வேலையா வெச்சிருந்தேன்.

அன்னைக்கு நான் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடல. அவளும் சாப்பிடல. அடுத்த நாள் காலைல நானே முடிவு பண்ணினேன். போட்டிக்கு இன்னும் பத்து நாளுதான். இனிமே பின்னே வேண்டாம். இருந்தாத்தான மறக்கறதுக்கு? கழட்டி என் சட்டப் பையில போட்டுக்கிட்டேன். புள்ளைகிட்டச் சொன்னேன், "பாத்துக் கண்ணு, இனி அந்தப் பக்கம் கை விடக் கூடாது." சரிப்பான்னா.

சொல்லித்தானுங்களே இருக்கறேன். சொல்லாம விடல.

சனிக்கிழம. எனக்கு மூணு மணி வரைக்கும் ஷிப்டு. ஒரு மெசின்ல வேல சீக்கிரம் முடிஞ்சுதுன்னு ரெண்டுக்கே விட்டுட்டாங்க. சந்தோசமா வந்தேன். இன்னைக்கு ஒரு மணி நேரம் கூடக் கெடைக்குதேன்னு. தெருமொனையிலயே வண்டி இஞ்சின நிறுத்திட்டு, உருட்டிட்டு வந்து, கேட்டுகிட்ட வந்தா உள்ள சிரிப்பு.

ரெண்டு மாசமா அந்த வீட்டுல அந்தச் சத்தம் இல்ல தம்பி. மொதல்ல எனக்கு வேற வீடோன்னு தோணிருச்சு.

உள்ள போனேன். சமீமா சுவத்தோரமா என் பக்கத்துல நிக்குது, என்னையப் பாத்ததும் சிரிப்பு நின்னு போச்சு. இளவேனிலு அந்தக் கோடியில, கொடிக் கம்பத்துக்குக் கீழ மண்டி போட்டு உக்காந்திருக்கா. ஒரு கையில டீ கப்பு. அந்தத் தக்காளி நாத்து. இன்னொரு கை, வலது கை, எடக்கட்டிக்குக் கீழ. அங்க கெடந்த சாக்குத்துணிய ஒதுக்கி, ஓரமா அந்தக் கப்ப வெக்கறதுக்கு எடம் பண்றா. கொடியும் ஏறட்டும், நாத்தும் இருக்கட்டும்னு ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்காங்க. அப்புறம்தான் சொன்னாங்க.

அப்பக் கதவு சாத்திக்கிச்சு. காத்து.

இல்ல, காத்துன்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன். நீங்க யாரோ எவரோ, உங்ககிட்ட எதுக்கு. நாந்தான் சாத்தினேன். சித்த வேகமாச் சாத்திருச்சு. கோவமில்ல. சிரிப்புச் சத்தம் வெளிய கேக்குதேன்னு.

கதவுகிட்டத்தான மொதப் படி. குண்டு நகந்துருச்சு.

நாப்பத்திரெண்டு செகண்டு. அப்புறம் நான் கணக்குப் போட்டுப் பாத்தேன், ஒவ்வொரு படிக்கும் எவ்வளவுன்னு எனக்குத் தெரியுமே. நாப்பத்திரெண்டு செகண்டு எவ்வளவு நேரம்னு உங்களுக்குத் தெரியாது. எந்திரிச்சு வெளிய போயிட்டுத் திரும்ப வரலாம். கைய எடுக்கறதுக்கு எவ்வளவு நேரம் வேணும்? ஒரு செகண்டு. அவ எடுக்கல தம்பி. குண்டு உருள்ற சத்தம் கேட்டதும் நிமிந்து பாத்தா, அப்படியே அசையாம இருந்துட்டா. கை அங்கயே இருக்குது. அவ எடுத்திருக்கலாம்ல? நீங்களே சொல்லுங்க. நாப்பத்திரெண்டு செகண்டு.

சமீமா கத்துச்சு. "கைய எடுறீ, இளா, கைய எடு." அப்புறம் என் பக்கம் திரும்பி, "அங்கிள், நிறுத்துங்க அங்கிள்"னுச்சு. எனக்குக் கேட்டுச்சு. கேக்கலன்னு பொய் சொல்லல. அந்தப் புள்ளையே கால வெச்சு ஒரு கட்டையத் தட்டி விட்டிருக்கலாம். தொடப் பயந்துருச்சு போல. எதுக்குப் பயந்துச்சோ.

நான் எங்க பாத்துட்டிருந்தேன்னு கேளுங்க. எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. நான் குண்டப் பாத்துட்டிருந்தேன். டிவி ஸ்டாண்டு மேல ஏறுச்சு, கட்ட வரிச ஒரே சீரா சாஞ்சுது, அப்படி ஒரு நாளும் சாஞ்சதில்ல. சோபாவச் சுத்தி வந்துச்சு. பதினேழாவது படிக்கு வருது. அங்கதான நிக்கும். அங்க நின்னுரும்னுதான் நான் நெனச்சேன். நிஜமாத்தான். ரெண்டு மாசமா நின்ன எடம். நின்னா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. நான் அந்தத் தூக்குக் கோலையே பாத்துட்டிருந்தேன்.

தூக்கிருச்சு.

அப்புறம் பூங்கொடி சமையக்கட்டுல இருந்து ஓடி வந்தா. அந்த வாசப்படிகிட்டத்தான் மெசினோட இருபதாவது படி. அவ அதுல கால வெச்சிருந்தா நின்னிருக்கும். அவ கால வெக்கத்தான் வந்தா. நான் கைய நீட்டினேன். இப்படி. நில்லுன்னு. வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல, கை தானா நீண்டுருச்சு. ரெண்டு மாசப் பழக்கம். அவ நின்னுட்டா. அவளும் பழகிட்டா பாருங்க.

அவ அதத்தான் மறக்க மாட்டேங்கறா. எடக்கட்டியப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டா. பின்னப் பத்திப் பேச மாட்டா. ஆஸ்பத்திரில வராண்டாவுல உக்காந்திருக்கறப்ப ஒரே ஒரு தடவ சொன்னா. "நீங்க கை நீட்டினீங்க, நான் நின்னுட்டேன்." அவ்வளவுதான். எம் மேல கோவமா, அவ மேலேயே கோவமான்னு எனக்குத் தெரியல.

மோதிர வெரல்ல ஒரு கணு எடுத்தாங்க. நடு வெரல்ல கம்பி வெச்சுக் கட்டினாங்க. கோயமுத்தூர்ல பெரிய டாக்டருதான். நல்லாப் பாத்தாங்க. பேனா பிடிக்கலாம்னு சொல்லியிருக்காங்க, சித்த நாள் ஆகுமாம். புள்ள அழவே இல்ல தம்பி. டிரெஸ்ஸிங் மாத்தறப்ப நர்சம்மாவே சொல்லுச்சு, இவ்வளவு சின்னப் புள்ள இப்படி அசையாம உக்காந்து நான் பாத்ததில்லன்னு. நான் சொன்னேன், அவ அப்படித்தாம்மா, ரொம்பப் பொறுமைன்னு. பூங்கொடி எந்திரிச்சு வெளிய போயிட்டா.

ஆஸ்பத்திரில இருந்து அப்படியே மச்சான் வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிட்டான். ஒட்டன்சத்திரத்துல காய்கறிக் கமிசன் கடை வெச்சிருக்கான். என்னை விட ஏழு வயசு சின்னவன், மாமா மாமான்னு மரியாதையா இருந்தவன். இப்ப, "நீங்க வர வேண்டாம், நாங்க சொல்றப்ப வாங்க"ங்கறான். மூணு மாசமாச்சு. இன்னும் சொல்லல.

மெசினையா? கழட்டிட்டேன். இல்ல, பாதி கழட்டினேன். ஃபேன் போட்டுக்கறேன் இப்ப. ஒரு ஆளுக்கு எதுக்குக் குக்கரு, மில்லு கேண்டீன்லயே சாப்புட்டுக்கறேன். சாயந்தரம் வீட்டுக்குப் போனா அந்தச் சத்தமில்லாததுதான். சத்தம் முன்னயும் இல்ல, இப்பவும் இல்ல. ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லைங்க. அத எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

அந்தப் போட்டி நடந்துச்சு. சமீமா மட்டும் போயிருக்குது. அந்தப் பழைய அட்டப்பெட்டி மெசினத் தூக்கிக்கிட்டு. ஜட்ஜு முன்னாடி மூணு தடவ நின்னு போச்சாம். மூணு தடவையும் அந்தப் புள்ள சிரிச்சுட்டு, "ஒரு நிமிசம் சார்"னு சரி பண்ணிச்சாம். நாலாவது தடவ ஓடிருச்சு. ஆறுதல் பரிசு குடுத்துட்டாங்க. சர்ட்டிபிகேட்ல ரெண்டு பேரு பேரையும் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்கிட்டு வந்து, ஒட்டன்சத்திரத்துக்குத் தபால்ல அனுப்பியிருக்குது. நல்ல மனசுதான், இல்லன்னு சொல்லல. ஆனா மூணு தடவ நின்னு போன மெசினுக்குப் பரிசு. என்னத்தச் சொல்றது.

கள்ளிமந்தயம் தாண்டிட்டமா? அப்ப இன்னும் அரமணி நேரந்தான்.

நான் எதுக்கு இன்னைக்குப் போறேன்னு கேக்கலையே நீங்க. யாரும் கூப்பிடல. நானாத்தான் போறேன். வியாழக்கெழம மச்சான் போன் பண்ணினான். மூணு மாசத்துல அவனாப் பண்ணினது அதுதான் மொதல். புள்ளைய ஒரு டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போறாங்களாம். கைக்கு இல்ல. மனசுக்கு. புள்ள சரியாப் பேச மாட்டேங்கறா, எதக் கேட்டாலும் நீங்க என்ன சொல்றீங்களோ அதுங்கறாளாம். இட்லியா தோசையான்னா கூட. அந்த டாக்டரம்மா நாலஞ்சு வாரமாக் கேட்டுக் கேட்டு, கடைசில புள்ள ஒண்ணு சொல்லியிருக்கா.

நான் கேட்டுக்கிட்டே இருந்தனே, கைய ஏன் எடுக்கலன்னு. அதுக்குப் பதிலு.

மச்சான் போன்ல அத அப்படியே சொன்னான். கத்திக்கிட்டேதான் சொன்னான், நடுவுல அழுதுட்டான். புள்ள சொன்னாளாம், "கைய எடுத்தா பட்ட அசைஞ்சிரும்னு தெரியும். பதினேழாவது படி தாண்டிருச்சு. ஒரே ஒரு தடவ முழுசா ஓடிருச்சுன்னா அப்பா விட்டுருவாருன்னு நெனச்சேன். அப்புறம் சமீமா வீட்டுக்கு வரலாம்னு நெனச்சேன்."

மச்சான், "கேட்டுச்சா மாமா, கேட்டுச்சா"ன்னான். கேட்டுச்சு. நான் போன வெச்சுட்டேன்.

ரெண்டு நாள் ரோசன பண்ணினேன். மில்லுக்குப் போகல. பத்தொம்பது வருசத்துல சொல்லாம லீவு போட்டதில்ல. பாருங்க தம்பி, அவ பயந்து போயி நிக்கல. எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தாங்க, நான் மிரட்டி வெச்சிருந்தேன், அதனால கை வரலன்னு. அது இல்ல. அவ தெரிஞ்சுதான் நின்னிருக்கா. முழுசா ஓடோணும்னு அவளும் நெனச்சிருக்கா. என்னை மாதிரியே. என் ரத்தந்தான.

நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க.

இல்ல, நீங்க சொல்ல வர்றது புரியுது. அந்த ரெண்டாவது பாதி. அப்பா விட்டுருவாருன்னு. அது எனக்கும் காதுல விழுந்துச்சு. ரெண்டு நாளும் அதுதான் காதுல கேட்டுச்சு. விட்டிருப்பேன் தம்பி. சத்தியமா விட்டிருப்பேன். ஒரு தடவ ஓடினாப் போதும்னுதான் நானும் இருந்தேன். அப்புறம் ஜட்ஜு முன்னாடி ஒரு தடவ. அவ்வளவுதான். மேனேஜரு மில்லு ஆண்டு விழாவுல வெக்கலாம்னு சொல்லியிருந்தாரு, அது ஒண்ணு. மத்தபடி விட்டிருப்பேன்.

அஞ்சு நிமிசம் பாத்தாப் போதும். உள்ள விடலைன்னாலும் பரவால்ல, மச்சான் கடை வாசல்ல நிக்கறேன். மதியம் சாப்பாடு கொண்டாந்து குடுக்க அவ வருவாளாம், பூங்கொடியோட. நான் மன்னிப்புக் கேக்கப் போறேன்னு நெனச்சுக்கிட்டீங்களா? கேக்கறேன், அதுக்கென்ன, கேக்கறேன். ஆனா அது இல்ல. அவகிட்ட ஒண்ணு சொல்லோணும். இத்தன நாளா யாரும் அவகிட்டச் சொல்லியிருக்க மாட்டாங்க. அவங்கம்மா சொல்ல மாட்டா. சமீமா கதவத் தொறந்துட்டு ஆளக் கூப்பிட ஓடிருச்சு, அது பாக்கல. நான் ஒருத்தந்தான் பாத்தேன்.

முழுசா ஓடுச்சு. முப்பத்திரெண்டாவது படியும். கப்பியில எங்கயும் நிக்காம கொடி உச்சி வரைக்கும் போயி விரிஞ்சுது. அத அவகிட்டச் சொல்லோணும். கடைசில எடக்கட்டி வர்றப்ப அவ கண்ண இறுக்கி மூடிட்டா தம்பி. அவளுக்குத் தெரியாது.